நீ கேட்டுவிட்டுக் காத்திருப்பாய்

இன்று காலை மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனேன். கடற்காற்று ஈரப் புடவையைத் தூக்கி என் முகத்தில் சாத்தியது. சோப்பும் உப்பும் வெயிலும் கலந்த அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். புடவைக்கு அந்தப் பக்கம் நீ நிற்பதுபோல் இருந்தது. பாயில் கிடக்கும் நம் குழந்தையிடம், "இது உங்கம்மா பொடவ. நீலம்" என்று நீ சொல்வதுபோல் இருந்தது.

நீ பேசுகிறவனே இல்லை. கல்யாணமான புதிதில் உன் அக்கா என்னிடம் சொன்னார்: சாப்பிட்டாயா என்று கேட்டால் உன்னிடமிருந்து தலையாட்டல்தான் வரும், பழகிக்கொள்ள வேண்டும் என்று. பழகிக்கொண்டேன். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

நம் மகள் கயல் நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம் இருந்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது உன் தோள் துண்டுக்குள் மொத்தமாக அடங்கிவிட்டாள். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் நீ போய்க்கொண்டிருந்த கம்பெனியில் அப்போதுதான் உன் கான்ட்ராக்ட் முடிந்திருந்தது. எனக்குப் புதுப்பட்டினம் கடைத்தெருவில் மருந்துக் கடை வேலை இருந்தது. நான் வேலைக்குப் போவது, நீ குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். பேசியது நான், நீ தலையாட்டினாய்.

செங்கல்பட்டில் டாக்டரம்மா நம்மை எதிரில் உட்காரவைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? காது பரிசோதனையில் சரியாகத் தெரியவில்லை, சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். கழுத்து நிற்பதற்கும் நாளாகலாம். அதுவரை வீட்டு வேலை எதைச் செய்தாலும் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பொருள்களைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், முகத்துக்கு நேராகப் பேசுங்கள் என்றார். பேசிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள், அவளுக்கும் ஒரு முறை வரட்டும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நீ வாயே திறக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாய். "நீயே சொல்லு சுமதி, இவகிட்ட இன்னாத்த பேசறது?"

செய்கிற வேலையையே சொல்லேன் என்றேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய்.

அந்த மாதங்கள் இப்போது எனக்கு ஒரே நீண்ட பிற்பகலாகத்தான் தோன்றுகின்றன. ஜன்னல் வழியே வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். நீ மல்லாந்து படுத்து அவளை மார்பின்மேல் கவிழ்த்துப் போட்டிருப்பாய். உன் முகத்தைப் பார்க்க அவள் தலையைத் தூக்கப் பார்ப்பாள். முடியாமல் மூக்கு உன் பனியனில் புதையும். அரிசி களையும்போது அவள் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைப்பாய். பீர்க்கங்காயின் வரிகளில் அவள் விரலை ஓட்டுவாய். வெண்டைக்காயின் சுணை, எவர்சில்வர் டம்ளரின் குளிர்ச்சி, தேங்காய் நார் எல்லாவற்றுக்கும் அவளை அறிமுகம் செய்துவைத்தாய். ஒவ்வொன்றையும் காட்டி "இன்னா இது?" என்று கேட்பாய். கேட்டுவிட்டுக் காத்திருப்பாய். எதிரில் பெரிய மனுஷி உட்கார்ந்திருப்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். அவள் ஒரு கொட்டாவி விட்டால்கூட, "ஓ, அப்பிடியா" என்று ஒத்துக்கொள்வாய். வேலை முடிந்து படியேறும்போதே உன் குரல் எனக்குக் கேட்கும். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. குக்கர் விசில் அடித்தாலும் அவள் திடுக்கிடவில்லையே என்று பயப்படுவேன். அவள் தலைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்ப்பேன். ஒருநாள் நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"காது கேக்காமலே போயிட்டா?" என்றேன்.

"போவட்டும். என் மூஞ்சி தெரியுது இல்ல? பாத்துக்கினுதான் கீறா" என்றாய்.

அதற்குமேல் நான் கை தட்டவில்லை.

ஒரு மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை, மாடிக்கு ஏறினேன். கொடியில் போர்வை அகலமாகத் தொங்கியது. அதன் பின்னால் உன் பாதம் மட்டும் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய் விரித்து அவளைக் கவிழ்த்துப் போட்டிருந்தாய். என்னை அவள் பார்க்கவில்லை. நீ போர்வைக்குப் பின்னாலிருந்து, இந்தக் கிளிப்பு உடைஞ்சுபோச்சு, வேற எடுக்கணும் என்று சொன்னாய். அவள் தலை உயர்ந்தது. அப்படியே ஆடியது. விழுந்துவிடும் என்று நினைத்தேன், விழவில்லை. மெல்ல, மெல்ல, உன் குரல் வந்த பக்கம் திரும்பியது. போர்வையையே பார்த்தாள். அவள் அங்கே உன் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

"பேசு, நிறுத்தாத" என்றேன். போர்வைக்குப் பின்னால் நின்றபடியே சிவப்புக் கிளிப்பு, பச்சைக் கிளிப்பு என்று சொல்லிக்கொண்டே போனாய். பிறகு போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தாய். அவள் உன்னைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தாள். நீ வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அன்று நான் கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

இரண்டாவது பரிசோதனையில் காது நன்றாகக் கேட்கிறது என்று சொன்னார்கள். பேச்சு மட்டும் தாமதமாகவே வந்தது. அவள் வயதுக் குழந்தைகள் கதையடிக்கும்போதும் அவள் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நீ அசரவில்லை. எட்டாத தூரத்தில் கிண்ணத்தை வைத்து அவளைத் தவழவைத்ததுபோலவே இதற்கும் அவசரப்படாமல் இருந்தாய். சாயங்காலங்களில் கடற்கரைக்குத் தூக்கிப்போவாய். ஈர மணலில் நிற்கவைப்பாய். அலை வந்து அவள் காலடி மண்ணை உருவும்போது உன் லுங்கியை இறுகப் பிடித்துக்கொள்வாள். அப்படி ஒரு சாயங்காலம், கரையேறிய படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் காட்டி, உன்னை நிமிர்ந்து பார்த்து, தெளிவாகக் கேட்டாள். "இன்னா?"

அம்மா சொல்கிறாளா, அப்பா சொல்கிறாளா என்று டாக்டரம்மா கேட்டபோது நீ வெட்கத்தோடு தரையைப் பார்த்தாய். முதல் வார்த்தை 'இன்னா' என்று நான்தான் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு வராந்தாவரை கேட்டது.

போன ஆடியில், நீ மறுபடியும் போக ஆரம்பித்திருந்த கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். தூங்குகிறாய் என்றுதான் பக்கத்திலிருந்தவர் நினைத்திருக்கிறார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனாய். அதை நினைத்துப் பல நாள் உன்மேல் கோபமாக இருந்தேன்.

கயல் இப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவாள். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போனவர். கையில் டாக்டர் சீட்டு இல்லை. வாய் கோணிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், வரவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்தது. பிரஷர் மாத்திரையா, சர்க்கரைக்கா என்று நானே அடுக்கடுக்காகக் கேட்டு, மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"இரும்மா. அவரு சொல்லிக்கினு கீறாரு இல்ல" என்றாள் கயல்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். நான் அட்டைகளைக் கீழே வைத்தேன். கூட்டமும் எப்படியோ அடங்கியது. தெருவில் ஒரு பஸ் போய், அதன் சத்தமும் தேய்ந்தது. பெரியவர் மூச்சை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "தை... லம்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கடையில் யார் வந்து நின்றாலும் நான் முந்திக்கொண்டு பேசுவதில்லை. அவர்கள் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கிறது. அதில் எங்கோ நீ இருக்கிறாய்.