ஏழாம் வீட்டுக்காரர்

இன்று காலை குசினி அலுமாரியின் மேல் தட்டிலிருந்து உமது அக்காவின் ஏதனத்தை இறக்கினேன். பாத்திரம் என்று நான் எழுதினாலும் அவவுக்கு அது ஏதனம்தான். மூடியைத் திறந்ததும் பனங்காய்ப் பணியார மணம் வந்தது. மூன்று தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு வருடத்துக்கு மேலாக ஒன்றும் போடாமல் வைத்திருந்த ஏதனம் அது. மணம் மிஞ்சியிருக்க நியாயமில்லை. ஆனாலும் வந்தது என்றுதான் எழுத வேண்டும். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய அக்காவின் முதலெழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

அதை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டில் வேறு சத்தமில்லை. சனிக்கிழமைகளில் நான் சண்டிலிப்பாயிலிருந்து கோப்பாயிலுள்ள உமது வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடும் நேரம் இது. நீர் போனபிறகும் அந்த நேரத்துக்குச் சேட்டு மாற்றிக்கொண்டு நிற்கிறேன். பிறகு கழற்றி வைக்கிறேன்.

நாம் பழகியது ஒரு பிழையில் தொடங்கியது. வெள்ளம் மேவிய ஒரு மதகைப் பற்றிப் பத்திரிகையில் நான் எழுதியிருந்தேன். நீர் அரச கந்தோரில் படவரைஞராக இருந்தீர். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "அண்ணை, மதகு ஆறடி இல்லை, அஞ்சரை" என்றீர். நான் நாடாவோடு போய் அளந்தேன். ஐந்தரை. நான் திருத்தம் போடவில்லை; நீரும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தோம். முப்பது வருடங்களில் என் பெயரின் கீழ் ஒரு திருத்தமும் வந்ததில்லை என்று இளம் நிருபர்களிடம் நான் சொல்லித் திரிந்த காலம் அது. திருத்த வேண்டியவை இருந்ததில்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

கந்தோர் வேலையை நேரத்தோடு விட்டுவிட்டு நீர் கணினி விளையாட்டுச் செய்யப் போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது கடந்த மனுசன். தலைமயிர் நரைத்த பிறகு கட்டிலில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தீர். பக்கத்தில், குறிப்பெழுத ஒரு சீஆர் கொப்பி.

"இது வேலையோ, விளையாட்டோ?" என்று கேட்டேன்.

"ரண்டும்தான் அண்ணை. ஆரோ செய்த விளையாட்டைக் கழட்டிப் பாக்கிறன்."

உள்ளேயிருந்து அக்கா சொன்னா: "கழட்டின மிக்சியே இன்னும் பூட்டுப்படேல்லை. உவர் விளையாட்டுக் கழட்டுறாராம்."

கொப்பியில் அடிமட்டம் வைத்து மூன்று நிரல்கள் கீறியிருந்தீர். எங்கே கண்டது, ஏன் பிடித்தது, எதை மாற்றினேன். மேலிருந்து கட்டிகள் விழ விழ அடுக்கும் அந்தப் பழைய விளையாட்டு முதல் வரியில் இருந்தது. இரண்டாவது நிரலில் 'கைக்கு அடுக்கும் ஆசை' என்றும் மூன்றாவதில் 'அவசரம் நீக்கியது' என்றும் எழுதியிருந்தீர். நான் விளங்கவில்லை என்றேன்.

"பாருங்கோ அண்ணை, கட்டி விழேக்கை கை அடுக்குது, நெஞ்சு பதறுது. எனக்கு அடுக்கிறது காணும், பதற்றம் வேண்டாம். அதாலை விழுறதை நிப்பாட்டிப்போட்டு, கட்டியைச் சாமான் ஆக்கினன். அரிசி, தேங்காய், உப்புப் போத்தல். இடம் பத்தாத ஒரு சின்ன அலுமாரிக்குள்ளை அடுக்கவேணும்."

பிறகு தூர தேசத்து ஒரு தோட்ட விளையாட்டைக் காட்டினீர். அதிலே ஒவ்வொரு வேலைக்கும் பகல் கொஞ்சம் குறைந்துகொண்டு போகும். அதையும் எடுத்தீர். வேறொன்றில், கதவுகள் பூட்டுக்குத் திறப்புப் போட்டுத் திறக்காமல், கையில் என்ன கொண்டுவந்தாய் என்று பார்த்துத் திறக்கும். அதையும் எடுத்தீர். எடுத்த ஒவ்வொன்றையும் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, வேண்டுமென்றே கழற்றிப் பார்ப்பீர். அது இல்லாமலும் விளையாட்டு ஓடினால், "உது எனக்குத் தேவைப்படேல்லை, சும்மா ஆசையிலை எடுத்தனான்" என்று கொப்பியில் குறுக்கே கீறிவிடுவீர். கொப்பியின் பாதி இப்படிக் கீறுப்பட்டதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் கோக்கும் நூல் அகப்படவில்லை. மாதக்கணக்காக அது இல்லாமல் தவித்தீர். அது உமது குசினியிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தா. சட்டிக்குள் இரண்டு கத்தரிக்காய். அக்கா அது வழமை என்பதுபோல வாங்கி உள்ளே வைத்தா. நீர் எழும்பி நின்றீர்.

"அக்கா, வெறுஞ் சட்டியாக் கொண்டு வந்திருந்தா என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது? வாங்கி வைப்பன். அடுத்தமுறை கேட்டா, சட்டி அடுப்பிலை எண்டுவன்."

அப்படிப் பிறந்தது உமது 'ஏழு வீடு'. ஒழுங்கையொன்றில் அயலாக ஏழு வீடுகள். புதிதாகக் குடிவந்த நம்முடைய வீட்டில் ஒன்றுமில்லை. அயலில் இரவல் வாங்கிச் சமைத்து, பொழுதுபடுவதற்குள் ஏதனத்தைத் திருப்ப வேண்டும். வெறுமையாகக் கொடுத்தால் அந்த வீட்டு வாசற் படலை சாத்திக்கொள்ளும். எதை உள்ளே போட்டுக் கொடுத்தோம் என்பதை ஒவ்வொரு வீடும் நினைவில் வைத்திருக்கும்.

அதைப் பற்றி நான் எழுதினேன். இனி வருவதைத்தான் இவ்வளவு காலமும் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

அன்று பேட்டி முடிந்து நான் எழும்பியபோது கொப்பியை நீட்டினீர். "அண்ணை, எங்கையெங்கை எடுத்தனான் எண்ட பட்டியலைக் கட்டாயம் போடுங்கோ. சட்டி ஆர் தந்ததெண்டு சொல்லாமல் கறியைக் குடுக்கிறது சரியில்லை." நான் அதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி இரண்டு கோடு அடித்தேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. கட்டுரையில் மூன்றாவது பந்தியாக அதை எழுதியும் கொடுத்தேன். மாலையில் பக்கம் கட்டுகிறவர் தொலைபேசி எடுத்தார்.

"ஐயா, ஒரு மரண அறிவித்தல் வந்திட்டுது. பத்து வரி வெட்டவேணும். எதை வெட்ட?"

"மூண்டாவது பந்தியைத் தூக்கும்."

"அப்ப தலைப்பு?"

"முழுக்க முழுக்கச் சொந்தக் கற்பனை எண்டு வையும்."

இடம் போதவில்லை என்றுதான் உமக்குச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஐந்தாவது பந்தியில் நான் உமது முற்றத்துச் செவ்வரத்தைப் பூமரத்தைப் பற்றி எழுதியிருந்தேன், அதையும் வெட்டியிருக்கலாம். பட்டியல் உம்மைச் சின்னவராகக் காட்டும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒருவர் ஒன்று செய்தால் அது வானத்திலிருந்து விழுந்ததாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசைக்கு உமது பெயரைப் பயன்படுத்தினேன்.

இரண்டு நாள்தான் எடுத்தது. யாரோ இளம் பிள்ளைகள் உமது விளையாட்டின் படங்களையும் மற்ற விளையாட்டுகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகநூலில் போட்டார்கள். நடுவில் என் தலைப்பு. "சொந்தக் கற்பனையாம்! ஆருக்குக் காது குத்துறியள்?" என்று ஒருவர். "அடுத்தவன் பூவைப் பிடுங்கித் தன்ரை முற்றத்திலை குத்திப்போட்டு, மரம் வளத்தனான் எண்டுறார்" என்று இன்னொருவர். அதற்குச் சிரிப்புக் குறிகள் நிறைய விழுந்தன. பிள்ளைகளில் பிழையில்லை. அவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். உம்மை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கக் கேட்டிருந்த ஓரிடத்திலிருந்து, "பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வகுப்புக்காக நீர் புதுச் சேட்டு ஒன்று தைப்பித்திருந்தீர் என்று அக்கா பிறகுதான் சொன்னா.

நான் ஓடி வந்தேன். "திருத்தம் போடுறன்" என்றேன்.

நீர் கணினியிலிருந்து திரும்பவில்லை. "அதை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை."

"உம்மை ஏசுறாங்கள். கொப்பியைப் படம் எடுத்துப் போட்டுக் காட்டுமன்."

"காட்டினா உங்களையெல்லோ ஏசுவாங்கள்."

அவ்வளவுதான் கதைத்தீர். நான் வீட்டுக்கு வந்து திருத்தத்தை எழுதினேன். எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த கிழமை கொடுக்கலாம் என்றிருந்தேன். அடுத்த கிழமை, சத்தம் அடங்கிவிட்டது, இனிக் கிளறுவானேன் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அது மேலே கிடந்தது. பிறகு அதன்மேல் வேறு கடதாசிகள் வந்தன.

பனங்காய்க் காலத்தில் ஒருநாள் பின்னேரம் நீர் என் படலையில் நின்றீர். கையில் இந்த ஏதனம். "அக்கா தந்துவிட்டவ. ஏதனம் ஆறுதலாத் தந்தாக் காணுமாம்." உள்ளே வரச் சொன்னேன். "இல்லை அண்ணை, ஒரு வேலை கிடக்கு, விளையாட்டிலை ஒரு சின்னத் திருத்தம்" என்றீர். அந்தச் சொல்லை நீர் குத்திக் காட்டச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குத்தியது. பணியாரம் ஐந்து நாளுக்கு இருந்தது. ஏதனத்தைத் திருப்பித் தர முன்னரே, நெஞ்சு நோ என்று ஆசுபத்திரிக்குப் போன நீர் திரும்பி வரவில்லை.

செத்த வீட்டுக்கு வெறுங்கையோடுதான் வந்தேன். அதன் பிறகு கோப்பாய்ப் பக்கம் வரவில்லை. ஏதனத்துக்குள் எதைப் போடுவது என்று தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயம் என்பது அதைவிடச் சரியான வசனம்.

உமது விளையாட்டை நான் ஒருநாளும் முழுதாக விளையாடியதில்லை. அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவன், இரண்டாம் வீட்டோடு நிறுத்தியிருந்தேன். இந்த வருடம், கதைக்க ஆளில்லாத காலை நேரங்களில், தேத்தண்ணியோடு அதைத் திறக்கத் தொடங்கினேன். விரல் தடுமாறியது. மூன்றாம் வீட்டில் மட்டும் இரண்டு கிழமை நின்றேன். நாலாம் வீட்டு மனுசி நான் வெறுஞ் சட்டி கொடுத்ததற்காக ஒன்பது நாள் படலையைச் சாத்தி வைத்திருந்தா. அது அக்காவின் குரலேதான். சிரித்தேன். சிரித்ததைச் சொல்ல உமது நம்பர் தேடினேன்.

போன மாதம் ஏழாம் வீட்டுக்கு வந்தேன். விறாந்தை முழுக்கப் பத்திரிகைக் கட்டுகள். கண்ணாடி போட்ட ஒரு மனிதர். அவரிடம் நாம் இரவல் வாங்குவதில்லை. அவர்தான் நம்மிடம் வருகிறார். பலகாரத்தோடு ஏதனத்தை வாங்கிக்கொண்டு போகிறார். திருப்பித் தருவதில்லை. கேட்டால், "நாளைக்குத் தாறன்" என்கிறார். நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. நம்முடைய படலையைச் சாத்த ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர். அதை அமத்தினேன். படலை சாத்தவில்லை. மற்ற ஆறு பேருக்கும் அமத்திப் பார்த்தேன், சாத்தியது. அவருக்கு மட்டும் இல்லை.

அது விளையாட்டின் கோளாறாக இருக்கலாம். நான் நிருபன், என் கண் கண்டது ஒரு சாட்சி மட்டும்தான், இரண்டாவது சாட்சி வேண்டும். மறுநாள் கோப்பாய்க்குப் போனேன்.

அக்கா கதிரையைத் தூசு தட்டிப் போட்டா. மனையியல் படிப்பித்த ரீச்சர். இன்னும் பார்வையால்தான் கேள்வி கேட்கிறா.

"எங்கை தம்பி என்ரை ஏதனம்?"

"வெறுமையாக் கொண்டுவர மனம் வரேல்லை ரீச்சர்."

"அதுக்கு ஒரு வருசமோ? ஒரு தேசிக்காயைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே!"

"அவரின்ரை கொப்பியை ஒருக்காப் பாக்கலாமோ?"

எடுத்துத் தந்தா. உமது கையெழுத்து, உமது அடிமட்டக் கோடுகள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் கடைசி வரி. 'ஏழாம் வீட்டுக்காரருக்குப் படலை சாத்தாது.' பக்கத்தில், எங்கே கண்டது என்ற நிரலில், 'ஓரிடத்திலும் காணவில்லை' என்று எழுதியிருந்தீர். மற்ற இரண்டு நிரல்களும் வெறுமையாக இருந்தன. கீறி வெட்டவில்லை.

கொப்பி முழுக்க இரவல். அந்த ஒரு வரிதான் உமது சொந்தம். நான் தலைப்பில் போட்டதில் உண்மையான பங்கு அவ்வளவுதான். அதுவும் நான் எழுதியபோது இன்னும் பிறந்திருக்கவில்லை; என் படலையில் நின்று நீர் சொன்ன அந்தச் சின்னத் திருத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

லாச்சியின் அடியிலிருந்த கடதாசியை எடுத்துப் பத்திரிகைக்குக் கொண்டுபோனேன். புதிதாக வந்திருக்கும் செய்தி ஆசிரியர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயா, ஆளும் இல்லை. சண்டை பிடிச்ச பெடியளும் மறந்திட்டாங்கள். இப்ப ஏன் உது?"

"எழுதினவன் இருக்கிறன்."

"உங்கடை பேரோடையோ?"

"ஓம். என்ரை பேரோடை."

இன்று வந்திருக்கிறது. ஏழாம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே. எந்தெந்த விளையாட்டிலிருந்து நீர் எதை எடுத்தீர், எப்படி மாற்றினீர், அதை வெளியிடும்படி கேட்டும் வெட்டியது யார் என்று பத்து வரிகள். எண்ணிப் பார்த்தேன். அன்று வெட்டிய அளவுதான். பழைய பழக்கத்தில் உமக்குத் தொலைபேசி எடுத்து, "ஏழாம் பக்கம் பாரும்" என்று சொல்லக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன்.

காலையில் விளையாட்டைத் திறந்தபோது அந்த மனிதர் வழக்கம்போல் வந்து நின்றார். பொத்தானை நான் அமத்தவில்லை. பலகாரத்தைக் கொடுத்து அனுப்பினேன். "நாளைக்குத் தாறன்" என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் திருப்பித் தரும் நாளொன்றை நீர் எழுதவில்லை.

பத்திரிகைத் துண்டை வெட்டி மடித்து ஏதனத்துக்குள் வைத்தாயிற்று. அதன்மேல் என் மரத்துத் தேசிக்காய் மூன்று. மூடி இறுக்கமாக இருக்கிறது. சேட்டு மாற்றிவிட்டேன். கோப்பாய் வீட்டில் உமது அறை யன்னலைக் கடந்துதான் குசினிக்குப் போக வேண்டும். அதை எப்படிக் கடப்பது என்று இன்னும் தெரியவில்லை. என்றாலும், ஏழாம் வீட்டுக்காரர் இன்று ஏதனத்தோடு வெளிக்கிடுகிறார்.