தூங்குமூஞ்சியின் பூட்ஸ்

மார்ச் 3

அன்புள்ள வக்கீலுக்கு,

ஒட்டடைக்கம்பு எழுதுவது. இங்கே நலம். நீயும் மகன் மருமகளோடு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தைத் தேடிப் போனான் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ வாதாடியே என் வாயை அடைத்துவிடுவாய். படையில் சேர்ந்த மூன்றாம் நாளே சார்ஜன்ட் உனக்கு அந்தப் பெயரை வைத்தது சும்மாவா? காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரை நீ குறுக்கே வர முடியாது.

கடை ஓடுகிறது. வெயில் ஏறிவிட்டதால் எரிந்துபோன மோட்டார்களாக வந்து குவிகின்றன. செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. வீட்டுக்காரிக்கு மூட்டுவலி, அதற்கும் நான்தான் காரணம் என்கிறாள். மற்றபடி குறையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆலோசகராக இருந்த படத்தைப் போன மாதம் பார்த்தேன்.

தூங்குமூஞ்சியின் தங்கச்சிதான் டிக்கெட் எடுத்தாள். தான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, என்னையும் வீட்டுக்காரியையும் விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனாள். "எங்கண்ணன் கதைய எடுத்திருக்காங்கண்ணே. வக்கீலண்ணன்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தாராம்" என்று வழியெல்லாம் பெருமை.

படத்தில் நம் தூங்குமூஞ்சி மூன்று பக்கம் வசனம் பேசுகிறான். அவன் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நீ கேட்டிருக்கிறாயா? துப்பாக்கியில் சாய்ந்து நின்றபடி தூங்கியவன், சோற்றுத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கியவன். சினிமா என்றால் வசனம் வேண்டும் என்று பொறுத்துக்கொண்டேன். என் வேஷம் போட்டவன் என் தோளுக்குக்கூட வர மாட்டான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த பூட்ஸ். குண்டடிபட்டுக் கிடக்கிற தூங்குமூஞ்சியின் காலிலிருந்து எதிரிப் படைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே பூட்ஸை உருவுகிறான். உருவிவிட்டு அந்தக் காலை எட்டி உதைக்கிறான். உன் வேஷம் போட்டவன் அவனைத் துரத்திப் பிடித்து, அதே பூட்ஸின் நாடாவால் கழுத்தை இறுக்கிக் கொல்கிறான். தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

டேய், அந்த பூட்ஸை எடுத்தது நீ.

எடுத்ததைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. நம் பிரிவில் அது வழக்கம். சாமான் வண்டி வராத அந்தக் குளிர்காலத்தில், செத்தவனின் பூட்ஸ் யார் கால் மோசமோ அவனுக்கு. எடுத்தவன் ஒரு மாதம் செத்தவனின் காவல் முறையையும் சேர்த்து நிற்க வேண்டும். நானும் ஒருவனுடையதைப் போட்டுக்கொண்டு நடந்தவன்தான். உன் பூட்ஸ் வாய் பிளந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விடியற்காலையில் நாம் அந்த மேட்டை விட்டுப் பின்வாங்கியபோது தூங்குமூஞ்சியின் பக்கத்தில் கடைசியாக இருந்தவன் நீ. அவனுடையதைப் போட்டுக்கொண்டு வந்தாய். ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் அவனுடைய காவலை நின்றாய். உன் மேல் எனக்கு மரியாதை வந்ததே அதனால்தான்.

படம் பார்த்த மறுநாள் தங்கச்சி என் கடைக்கு வந்தாள். "அண்ணே, எங்கண்ணன வெறுங்காலோடதான் போட்டுட்டுப் போனாங்களா? உதைச்சாங்களா?" என்று கேட்டாள். சினிமாம்மா அது என்றேன். "உண்மைக் கதைன்னு முதல்லயே எழுத்துப் போட்டாங்களே" என்றாள். போன வாரம், நாம் சண்டை போட்ட அந்த நாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருக்கிற ஒருவர் தன் மகளுக்குக் கண்ணாடி போட அவள் கடைக்கு வந்திருக்கிறார். முடியாது, வேறு கடை பாருங்கள் என்று அனுப்பிவிட்டாளாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று உனக்கே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. பூட்ஸை எடுத்தது நான்தான், யாரும் அவனை உதைக்கவில்லை என்று உன் வாயால் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. அரைமணி நேர வேலை.

உன்,
ஒட்டடைக்கம்பு


மார்ச் 9

பிரியமுள்ள ஒட்டடைக்கம்புக்கு,

உன் கடிதத்தை மருமகள் பிரிப்பதற்குள் நான் பிரித்தது நல்லதாயிற்று. என்ன கோபம் உனக்கு? கோபத்தில்கூடக் கையெழுத்து கோழி கிளறிய மாதிரியேதான் இருக்கிறது.

நான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது முப்பது பக்கம். துப்பாக்கியை எந்தத் தோளில் மாட்டுவது, தொப்பியை எவ்வளவு சாய்ப்பது, இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பூட்ஸ் விஷயத்தை நான் சொன்னது உண்மை. டைரக்டர் தம்பி யோசித்துவிட்டு, "சார், கூட இருந்தவனே கழட்டினான்னு காட்டினா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. அந்தப் பக்கத்து ஆளு கழட்டினான்னு வெச்சுக்கலாமா?" என்றான். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் சொல். எதிரிக்கா? அவன் நமக்கு மாலையா போட்டான்? அவர்கள் எடுக்கிற படத்தில் நாம் குழந்தைகளைக் குத்துகிறோம். என் மகன் காட்டினான், பார்த்தேன். அவர்கள் நமக்குச் செய்கிறார்கள், நாம் அவர்களுக்குச் செய்கிறோம். கணக்குச் சரி.

நான் வந்து என்னவென்று சொல்ல? உன் அண்ணன் போனதும் முதல் வேலையாகக் காலைத்தான் பார்த்தேன் என்றா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளச் சொல்கிறாய். படம் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எனக்கு சல்யூட் அடிக்கிறார்கள். ஆயுசில் முதல் தடவையாக யாரோ நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அதைக் கெடுக்காதே.

தூங்குமூஞ்சி ஒரு நொடியில், வலியில்லாமல் போனான் என்று அன்றைக்கே அவன் வீட்டில் சொன்னோமே, அதையே அவளிடம் மறுபடி சொல். படம் கற்பனை என்று சொல். நீ சொன்னால் கேட்பாள்.

வீட்டில் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
வக்கீல்


மார்ச் 14

வக்கீலுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை.

அவர்கள் படத்தில் நாம் குழந்தைகளைக் குத்துகிறோம் என்றால், அங்கேயும் ஒரு ஆலோசகன் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். அவனும் தன்னைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சல்யூட் அடிக்கிறார்கள் என்று பூரித்துக்கொண்டிருப்பான். உன் கணக்கை அவனிடம் காட்டு, சந்தோஷப்படுவான்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். இருபத்தாறு வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன்.

நாம் பின்வாங்கிய மறுநாள் மத்தியானம், மேட்டில் கிடக்கிறவர்களை எடுத்துக்கொள்ள இரண்டு மணி நேரம் சண்டையை நிறுத்தினார்களே, அப்போது நீ கால் புண்ணோடு மருந்துக் கூடாரத்தில் இருந்தாய். நான் ஸ்ட்ரெச்சர் பிடிக்கப் போனேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் தூங்குமூஞ்சியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தான். நம் வயதுதான். சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சண்டைக்கு முன்னால் நம் பக்கத்துச் சந்தைக்குக் கம்பளி விற்க வருகிறவனாம். நம் பாஷை கொஞ்சம் வந்தது. "உங்க ஆளு நேத்து மத்தியானம் வரைக்கும் இருந்தான். தண்ணி கேட்டான், குடுத்தேன். கால் குளிருதுன்னான்" என்றான்.

கால் குளிருது என்றானாம், வக்கீல்.

தூங்குமூஞ்சியின் இரண்டு காலையும் சேர்த்து ஒரு மஃப்ளர் சுற்றி முடி போட்டிருந்தது. அவிழ்த்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையாட்டினான். அந்தக் குளிரில் அவன் கழுத்து வெறுமையாக இருந்தது. பூட்ஸ் எங்கே என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவனும் பட்டாளத்துக்காரன்தானே, அவனுக்குத் தெரியாதா?

செத்துவிட்டான் என்று நினைத்துத்தான் நீ கழற்றியிருப்பாய். தூங்கினாலே அவன் பிணம்போல்தான் கிடப்பான். எத்தனை தடவை நாமே பயந்துபோய் உலுக்கிப் பார்த்திருக்கிறோம். நம் பிரிவில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய தவறு. தெரிந்தால் நீ தாங்க மாட்டாய் என்றுதான் மூடி வைத்தேன். இப்போது நீ தாங்கினாலும் சரி, தாங்காவிட்டாலும் சரி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு நீ டிக்கெட் போட்டு விற்க வைத்திருக்கிறாய். செத்துக்கொண்டிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தவனை, மஃப்ளரைக் கழற்றிக் காலில் சுற்றியவனை, திருடனாக்கிக் கொன்று போட்டு ஊரையே விசிலடிக்க வைத்தாய். வெட்கமாக இல்லையா உனக்கு?

இந்த மாதம் முடிவதற்குள் வந்து அவளிடம் சொல். நீ வராவிட்டால் நான் சொல்வேன்.

ஒட்டடைக்கம்பு


மார்ச் 29

ஒட்டடைக்கம்புக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன் கடிதத்தில் ஒன்று தவறு. அவன் செத்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை.

இடது பூட்ஸின் நாடா ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தேன். வலதைப் பிடித்தபோது அவன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். இழுக்க இழுக்க அது வரவில்லை. அப்போது அவன் காலை என் பக்கம் நீட்டிப் பாதத்தை வளைத்துக் கொடுத்தான். குழந்தைக்குச் சட்டை கழற்றும்போது அது கையைத் தூக்கிக் கொடுக்குமே, அந்த மாதிரி. பூட்ஸ் கழன்று வந்தது.

நான் அவனைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். தூக்கிப் பார்க்கவே இல்லை. மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்து ஆள் கழற்றினான் என்று வைத்துக்கொள்ளலாமா என்று டைரக்டர் தம்பி கேட்டபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படத்தை ஏழு தடவை பார்த்தேன். அந்த எதிரிப் படைக்காரனின் கழுத்தை இறுக்குகிற இடத்தில் ஏழு தடவையும் நான் கைதட்டினேன்.

என்னால் வர முடியாது. சொல்லிவிடாதே என்று உன்னிடம் கெஞ்சத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதக் கை ஓடவில்லை. உன் இஷ்டம்.

வக்கீல்


ஏப்ரல் 6

இராணுவ ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எழுதியது கிடைத்தது. அதைத் தூங்குமூஞ்சியின் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். என் வாயால் சொன்னால் உங்களுக்காகக் கொஞ்சம் பூசி மெழுகிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் நான்கு கடிதத்தையும் வரிசையாக அடுக்கி அவள் கையில் வைத்தேன். நான் எழுதியவற்றுக்கு என்னிடம் நகல் இருந்தது.

என் கடையில் நின்றபடியே படித்தாள். முதலில் என்னைத்தான் பிடித்தாள். "நீங்களும்தானண்ணே இருபத்தாறு வருஷம் மூடி வெச்சிருந்தீங்க? நொடியில போயிட்டான்னு எங்கம்மாகிட்ட வந்து சொன்னீங்க. அவன் தண்ணி கேட்டான், குளிருதுன்னான்னு தெரிஞ்சும் சொன்னீங்க. அம்மா சாகறதுக்கு முன்னாடி, பக்கத்துல ஒருத்தர் இருந்தாராம்மான்னு சொல்லியிருந்தா அவங்களுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்?" என்று கேட்டாள். உங்களைத் திட்டிக் கடிதம் எழுதுகிற தகுதி எனக்கும் முழுதாக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு உங்கள் கடைசிக் கடிதத்தை மறுபடி படித்தாள். நான் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எங்கண்ணன் குடுத்திருக்கான். கேக்காமலே காலை நீட்டிக் குடுத்திருக்கான். அவன் குடுத்தான், நான் வாங்கிக்கிட்டேன்னு சொல்ல இவருக்கு ஏன் வாய் வரல? அவன் மனசாரக் குடுத்தத எதுக்கு இவரு களவாக்கினாரு?" என்றாள். இதை உங்களுக்கு எழுதச் சொன்னாள். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

உங்களை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணே. வந்தா நான் அவரத்தான் சமாதானப்படுத்திக்கிட்டு உக்காரணும்" என்றாள். ஆகவே தாங்கள் சிரமப்பட வேண்டியதில்லை.

அன்றைக்கே அவள் தன் முதலாளியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, கண்ணாடி போட முடியாது என்று திருப்பி அனுப்பிய அந்த மனிதரின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன் என்றேன், கேட்கவில்லை. அவர் மகளுக்கு வேறு கடையில் போட்டாயிற்றாம். இவளை உள்ளே கூப்பிடவில்லை. கதவருகிலேயே நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன் என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டாள் என்பதைத் தாங்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

நேற்று மறுபடி கடைக்கு வந்து ஒரு விஷயம் கேட்டாள். "அந்த மஃப்ளர்க்காரரு உயிரோட இருந்தா அவருக்கும் பிள்ளைங்க இருக்கும்லண்ணே? அதுங்க இந்தப் படத்தப் பாத்துட்டு, ஏம்ப்பா, நீயும் இப்பிடித்தான் பண்ணியான்னு அவர்கிட்ட கேட்டா, அவரு என்ன பண்ணுவாரு?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தாங்கள் படம் தெரிந்தவர், தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவள் விலாசத்தைத் தனித்தாளில் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார்க் கடைக்காரர்