இருபத்தைந்தாவது கட்டம்

வெள்ளவத்தை,
14.03.1998

அன்புள்ள வரதராசாவுக்கு,

நான் நலம். நீயும் மனைவியும் கனடாக் குளிரைச் சமாளித்துச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதை ஒருதரம் வாசித்து மேசை லாச்சிக்குள் வைத்தவன்தான், பிறகு வெளியே எடுக்கவில்லை. நீ நிற்கவேண்டிய இடத்தில் நான் நின்று உன் ஐயாவை வெளியே எடுத்ததாக எழுதியிருந்தாய். வரதா, அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கொள். அவரை உள்ளே போட்டதே நான்தான்.

ஜனவரியில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். ஐயா வேலை செய்யும் தேயிலைக் கொம்பனிக்கு அலுவலக அட்டை அச்சடிக்கும் புரோகிராமை எழுதியவன் நான். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவருடைய அட்டையில் பெயர் இருந்தது, படம் இருந்தது. தேசிய அடையாள அட்டை இலக்கம் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவரும் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்துத் தேசிய அடையாள அட்டையை மற்றச் சேட்டுப் பொக்கற்றுக்குள் விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். சோதனைச் சாவடியில் இறக்கி, இலக்கம் இல்லாத இந்த அட்டையை எங்கே அடித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து உண்மையான அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியும், விசாரணை முடியட்டும் என்றார்கள். நீரிழிவுக்கு விழுங்கும் குளிசை இல்லாமல் நாலு நாள் உள்ளே இருந்தார். கொம்பனிக் கடிதத்தோடு நான் போய்க் கூட்டிவந்ததைத்தான் நீ பெரிதாக எழுதியிருக்கிறாய்.

நீயும் புரோகிராம் எழுதுகிறவன், காரணத்தை உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் நேற்றுக் கொம்பனி மனேஜருக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், அப்படி வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே வெட்கம் முழுதாக உறைத்தது. பெயருக்கு நான் ஒதுக்கியது இருபத்திநாலு கட்டம். அதற்கு மேல் திரையில் அடிக்க முடியாது. நாகலிங்கம் சுந்தரலிங்கம் என்று ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் விடும் இடைவெளியோடு, சரியாக இருபத்திநாலு. நான் எழுதிய சி மொழியோ பெயர் முடிந்த இடத்தில் அடையாளமாக ஒரு பூச்சியம் வைக்கும். அதற்கு இருபத்தைந்தாவது கட்டம் வேண்டும். அது இல்லாததால் பூச்சியம் பக்கத்தில் முதலே அடித்திருந்த இலக்கத்தின் முதல் எண்ணின் மேல் போய்க் குந்திவிட்டது. இலக்கத்தைத் தேடிப் போன கணினி தொடக்கத்திலேயே முடிவைக் கண்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது.

உன் பாஸ்கல் மொழி என்றால் அந்த இடத்திலேயே நின்று பிழை என்று சொல்லியிருக்கும். முந்திக் கடற்கரைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இதைத்தானே நீ மேசையில் தட்டித் தட்டிச் சொன்னாய். மனிசன் களைப்பான், மறப்பான், எல்லை தாண்டினால் மொழிதான் மறிக்கவேணும் என்று. நான் எல்லாருக்கும் முன்னால் உன் பாஸ்கலை நடைவண்டி என்று நக்கலடித்தேன். கவனமில்லாதவனுக்குத்தான் காவல் வேணும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், உனக்கு முகம் கறுத்துப்போனது. நேற்றுவரை கந்தோரில் புதுப் பெடியள் ஜாவா பெரிதா சி பெரிதா என்று சண்டை பிடிப்பார்கள். என்னிடம் கேட்டால் எழும்பிப் போய்விடுவேன்.

ஆனால் பழியை மொழியின் தலையில் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. பரிசோதிக்கும்போது பெரேரா, சில்வா, டயஸ் என்று அடித்துப் பார்த்தேன். என் பெயரை யோகா என்று அடித்தேன். ரெலிபோனிலும் கடையிலும் இப்போது அப்படித்தானே சொல்கிறோம். நம்முடைய நீளத் தமிழ்ப் பெயர் ஒன்றாவது என் விரலுக்கு வரவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் கேவலம். ஐயா வெளியே வந்த அன்று பின்னேரமே பிழையைக் கண்டுபிடித்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் இருபத்திநாலை இருபத்தைந்து ஆக்கினேன். மனேஜர் கேட்டபோது, அடிக்கும்போது இலக்கத்தை விட்டிருப்பார்கள் என்றேன். அடித்தவர் ஸமீமா என்ற பிள்ளை. நான் ரெண்டு தரம் பாத்துத்தான் அடிச்சேன் சேர் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள்.

போன ஞாயிறு ஐயா கதலிப்பழச் சீப்போடு என் அறைக்கு வந்தார். அட்டைக்குப் படிவம் நிரப்பிய நாளில், எங்கட ஐயான்ர பேரைச் சுருக்கப்படாது, முழுக்கப் போடவேணும் என்று ஸமீமாவிடம் பிடிவாதமாக நின்றவர். அந்த ஞாயிறு என்னிடம் மெல்லச் சொன்னார்: தம்பி, புது அட்டையில ஐயான்ர பேரை எடுத்துவிடும், முதல் எழுத்து மட்டும் போதும், நீளப் பேராலதான் எனக்கு இவ்வளவும் வந்தது என்று. வரதா, அவர் சொன்னது உண்மை. எப்படி உண்மை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் போனபிறகு அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட என்னால் தின்ன முடியவில்லை.

நேற்று மனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுத்திலும் கொடுத்தேன். எனக்கு இனி அங்கே வேலை இல்லை, அது நியாயம். ஸமீமாவைத் திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லக் கிருலப்பனையில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்டைக்கே ஒங்களுக்குத் தெரியுமா சேர் என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

நாளைக்கு ஐயாவிடம் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். புது அட்டையை முழுப் பெயரோடு அடித்து வைத்திருக்கிறேன். இலக்கமும் இருக்கிறது, ஐந்து தரம் பார்த்துவிட்டேன். என் கையால் கொடுத்தால் வாங்குவாரோ தெரியாது. என்னை மன்னிக்கச் சொல்லி உன்னை நான் கேட்கவில்லை. நீ ரெலிபோன் எடுக்கும்போது, அப்பப்பாவின் பெயரை அட்டையிலிருந்து எடுக்கவேண்டாம் என்று ஐயாவிடம் சொல். பெயரில் ஒரு பிழையும் இல்லை என்று சொல். நீ சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
உன் நண்பன் என்று எழுதக் கூசும்,
கந்தப்பிள்ளை யோகநாதன்