உன் பங்கு மீனுக்குச் சாம்பல் இல்லை

என் ஆசைத் தம்பி தனபாலுக்கு,

நல்லா கீறியான்னு உன்னைக் கேட்டா ஊரு சிரிக்கும். நாங்க இருக்கோம். ராயபுரம் இருக்குது, மார்க்கெட்டுல என் மீன் பலகையும் அதே இடத்துலதான் இருக்குது. படிப்பகத்துப் பிள்ளைங்க ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துறாங்க. "அக்கா, உன் தம்பியைப் பத்தி நீயே எழுதிக் குடு"ன்னாங்க. எனக்குக் கட்டுரையெல்லாம் வராது. உன்கிட்ட பேசறேன், கேக்கறவங்க கேட்டுக்கட்டும்.

உன் பொண்டாட்டி ரங்கம்மா திருவொத்தியூர்ல தீப்பெட்டி ஆலைக்குப் போறா. உன் மக செல்வி பகல் பூரா என்னோடதான். நீ கண்ணை மூடினப்போ தவழ்ந்துகினு இருந்தவ, இப்போ மார்க்கெட்டையே விலை பேசறா. வாய் மட்டும் அப்படியே உன் வாய்.

உன்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். சண்டைக் காலத்துல நீ சரக்குக் கப்பல்ல கரி தள்ளப் போனே. கப்பலை ஜப்பான்காரன் பிடிச்சு, உங்களை நாகசாகிக்குப் பக்கத்துல ஒரு துறைமுகத்துல வெச்சு வேலை வாங்கினான். அந்தக் குண்டு விழுந்ததும் ஊருக்குள்ள கூட்டிகினு போயி, கிடக்கறதையெல்லாம் வாரச் சொன்னாங்க. இவ்ளோதான் நீ சொன்னது. என்னத்தை வாரினே, யாரை வாரினே? அதை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல.

திரும்பி வந்து கல்யாணம் கட்டினே, செல்வி பொறந்தா. அப்புறம் உன் ஈறுல ரத்தம் கசிய ஆரம்பிச்சுது. உடம்பெல்லாம் நீலம் நீலமா பூத்துச்சு. ஆஸ்பத்திரியில ரத்தமே கெட்டுப்போச்சுன்னாங்க. எதனாலய்யான்னு கேட்டேன். தெரியலம்மான்னாங்க. இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்குப் பதில் சொல்லல.

கெளுத்தி, விலாங்கு எல்லாம் கையில நிக்காம வழுக்கும். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்ச்சுதான் நம்ம பொம்பளைங்க கழுவுவாங்க. ஊர்ல எல்லாரும் அப்படிக் கழுவினதைத்தான் திங்கறாங்க. கப்பல்லேருந்து வந்த நீ மட்டும் தொட மாட்டே. "உப்பு போட்டுத் தேயிக்கா"ன்னுவே. "வந்துட்டாரு தொரை! உப்பு இன்னா உன் மாமியா வூட்டுச் சீதனமா?"ன்னு திட்டிகினேதான் உப்பு போடுவேன். ஏண்டா இப்படின்னு கேட்டா, உன் ரெண்டு கையையும் பாத்துகினு உக்காந்துடுவே.

இந்த வருஷம் டீக்கடையில ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிச்சாரு. எங்கேயோ நடுக்கடல்ல, அதைவிடப் பெரிய குண்டு ஒண்ணை வெடிச்சுப் பாத்தாங்களாம். சண்டைக்குக்கூட இல்ல, சோதனையாம். எட்டத்துல மீன் பிடிச்சுகினு இருந்த ஜப்பான் படகு மேல வெள்ளைச் சாம்பல் கொட்டுச்சாம். நம்மளாட்டம் வலைக்காரங்கதானே, தட்டி விட்டுட்டு வலையை இழுத்திருக்காங்க. அப்புறம் தோல் வெந்து, முடி கொட்டிப் படுத்துட்டாங்களாம். பிடிச்சாந்த மீனைக் குழி தோண்டிப் புதைச்சாங்களாம்.

நான் கூடையை இறக்கி வெச்சுட்டு நின்னேன். அங்கே சாம்பலை வாரின உன் கையையே நீ ஏன் பாத்தேன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு.

மறுநாள் மார்க்கெட்டுல ஒரே கூத்து. பக்கத்துப் பலகை சரோஜா, அதான் என் தோஸ்து, விலாங்கைச் சாம்பல்ல பெரட்டி வெச்சிருந்தா. ஒரு அம்மா பாத்துட்டு, "ஐயையோ, சாம்பல் மீனு!"ன்னு கத்திச்சு பாரு, கூட்டமே கலைஞ்சுபோச்சு. இது எங்கூட்டு அடுப்புச் சாம்பல்னு சரோஜா தொண்டை கிழியக் கத்தறா, யாரு கேக்கறா? எல்லாப் பொம்பளைங்களும் சாம்பல் சட்டியைக் கால்வாயில கொட்டிட்டாங்க. எனக்குச் சிரிப்பாக்கூட இருந்துச்சு.

அப்புறம் எவளோ ஒருத்தி, "கன்னியம்மா தம்பிக்கும் ஜப்பான் நோவுதானே, அவன் பொண்ணு இங்கேதானே சுத்திகினு கீது"ன்னா. சிரிப்பு அங்கேயே நின்னுபோச்சு. சரோஜா கூடையில செல்வி எறாலை எண்ணிகினு இருந்தா. சரோஜா அவ கையைப் பிடிச்சு வெளியே எடுத்துட்டா. "தொடாத கண்ணு, யாவாரம் கெட்டுடும்."

செல்வி என்கிட்ட வந்து, "அத்தே, நான் கலீஜா?"ன்னு கேட்டா.

அவளை மடியில இழுத்து வெச்சுகினேன்டா. குண்டு செஞ்சவன், போட்டவன், தள்ளி நின்னு கறுப்புக் கண்ணாடி போட்டுகினு வேடிக்கை பாத்தவன் எல்லாம் சுத்தமாம். இந்தப் பச்சை மண்ணு கலீஜாம்!

விடிஞ்சதும் அவளை என் பலகையிலேயே உக்கார வெச்சேன். "உங்கப்பன் கேட்ட மாதிரி உப்பு போட்டுத் தேயி"ன்னு கெளுத்தியைக் கையில குடுத்தேன். அவ தேய்ச்ச மீனை ஒருத்தரும் வாங்கல. சாயங்காலம் குழம்பு வெச்சு நாங்களே தின்னோம். அடுத்த நாளும் அதே கதை. மூணாம் நாள் சரோஜா எழுந்து வந்து, செல்வி கையிலிருந்த கெளுத்தியை வாங்கித் தன் கூடையில போட்டுகினா. "உங்கத்தை மூஞ்சிக்கு எவன் வாங்குவான்? குடுடி, நான் வித்துத் தரேன்"ன்னா. மன்னிப்பெல்லாம் அவளுக்குக் கேக்கத் தெரியாது. நானும் எதிர்பாக்கல. ரெண்டு பேரும் டீ குடிச்சோம்.

மார்க்கெட் மறந்துடுச்சு, சாம்பல் சட்டியெல்லாம் திரும்பி வந்துடுச்சு. ஆனா இன்னும் பெருசு பெருசா வெடிச்சுப் பாக்கப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டுகினே கீறாங்க. கடலுக்கு நடுவுல சுவரா எழுப்பி வெச்சிருக்கு? நம்ம ஆளுங்க வலை போடற எடத்துல ஒரு நாள் வெள்ளையா எதுனா கொட்டினா, தட்டி விட்டுட்டு வலையை இழுப்பாங்களா?

போன வாரம் செல்வி வாயெல்லாம் ரத்தமா வந்து நின்னா. ரங்கம்மா பாத்துட்டு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டா. எனக்கும் உன் ஈறுதான் ஞாபகம் வந்துச்சு. துணியைச் சுருட்டி ஈறுல வெச்சு அமுக்கிகினு, உன் பேரைச் சொல்லிகினே நின்னேன். கொஞ்ச நேரத்துல அந்தக் குட்டி உள்ளங்கையை விரிச்சுக் காட்டுது. பால் பல்லு. ஆட்டி ஆட்டி அவளே பிடுங்கிட்டாளாம்.

துணியை எடுத்துப் பாத்தேன். ரத்தம் நின்னுபோச்சு. நின்னுபோச்சுடா, தனபாலு.

ஒவ்வொரு பல்லுக்கும் இந்தப் பயம் எங்களுக்கு இருக்கும், அதை யாரும் எடுத்துட முடியாது. ஆனா அவளை நான் ஒளிச்சு வெக்க மாட்டேன். உனக்கு ஆனதையும் மூடி வெக்க மாட்டேன். கேக்கறவங்களுக்கெல்லாம் என் பலகையில உக்காந்து சொல்லுவேன். உன் திதிக்குக் கெளுத்திக் குழம்புதான், உன் மகதான் கழுவுவா. உன் படத்துக்குச் சந்தனம் மட்டும் வெப்பேன், விபூதி வெக்க மாட்டேன். இது சத்தியம்.

உப்பும் கையுமா உட்கார்ந்திருக்கும்
உன் அக்கா கன்னியம்மா