சாம்பல் மேல் போட்ட பழி

அன்பு மகள் சுண்டெலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டினால் கொஞ்சம் குறைகிறதாம். உன் சித்தப்பா குடும்பம் இன்னும் அந்த வாடகை அறையில்தான் முடங்கிக் கிடக்கிறது. நான் கட்டிக்கொடுத்த அவர்கள் புது வீட்டின் தளத்தை இடித்து முடித்துவிட்டார்கள், அந்தத் தெருப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. நீ கான்கிரீட் ஆராய்ச்சியை விட்டுவிடப்போவதாக, மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் மூன்று தடவை உண்மையைச் சொல்ல வந்தேன், மூன்று தடவையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நீ சொன்னபடிதான் அந்தத் தளத்துக்குச் சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, மின் நிலையம் வேண்டாமென்று தள்ளும் நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தேன். கலவை வெண்ணெய் மாதிரி வந்தது. இது மெதுவாகத்தான் இறுகும், குளிர் வேறு, தளத்தைத் தாங்குகிற முட்டுகள் இருபத்தெட்டு நாளும் நிற்கட்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். பதினாலாம் நாள் காலையில், முட்டும் பலகையும் வாடகைக்கு அடித்துக்கொடுத்த சென்ட்ரிங்காரர் வந்து, பலகை அடுத்த இடத்துக்கு வேணும், எப்பவும் இன்னிக்குத்தானே பிரிப்பீங்க என்றார். நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தை நம்பியவன், பிரிக்கச் சொன்னேன். மாடிச் சுவருக்கான செங்கல்லையும் மேலே ஏற்றச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தளம் நடுவில் தொய்ந்து சுவருக்குச் சுவர் வெடித்தது. கீழே யாரும் இல்லாதது நாம் செய்த புண்ணியம். சித்தப்பா வந்து, உன் பொண்ணு பேச்சைக் கேட்டுச் சாம்பலைக் கொட்டி என் வீட்டையே கெடுத்துட்டியே என்று கத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து உனக்குச் சொன்னபோது, நீ சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தினேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். நீயும் அதை நம்பி, உன் கலவைதான் தப்பு என்று நினைத்துவிட்டாய், அதுதான் என்னைத் தின்கிறது.

அதே கலவையில் நீ சோதனைக்கென்று வார்க்கச் சொன்ன கட்டிகள் நம் வீட்டுத் தொட்டித் தண்ணீரிலேயே கிடந்தன. ஐம்பத்தாறாம் நாளான நேற்று மூன்றைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். மிஷின்காரர் அழுத்திக்கொண்டே போனார், வேண்டியதைவிட அதிகமாகவே தாங்கின. நல்ல கலவை மேஸ்திரி, எந்த வீட்டுக்கு என்று கேட்டார். சோதனைச் சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து நேரே சித்தப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. ஒன்றரை மாசமா அந்தப் புள்ளையை நான் ஏசினப்பல்லாம் பக்கத்துலதானே நின்னே என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

சோதனைச் சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன், மாதக் கடைசிக்குள் கிடைக்கட்டும் என்று அவசரத் தபாலில் போடுகிறேன். உன் பேராசிரியரிடம் காட்டி, நான் செய்ததையும் மறைக்காமல் சொல். வேலையை விடுவதாகக் காகிதம் எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. என்னிடம் பேச மனசு வராவிட்டால் அம்மாவிடமாவது பேசு. குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. நீ நன்றாக இருப்பாய், கண்ணு.

இப்படிக்கு,
பதினாலாம் நாளே முட்டுகளைப் பிரிக்கச் சொன்ன
உன் அப்பா