கடைசிச் சொல் வரும்வரை

ஓடைப்பட்டி,
திங்கட்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வீரபாண்டி ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது, கை நன்றாக எழும்புகிறது, பேச்சுதான் இன்னும் துண்டு துண்டாக வருகிறது. தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "வார்த்தையெல்லாம் அவருக்குள்ளதான் இருக்கும்மா, ஒண்ணோட ஒண்ணக் கோக்குறதுதான் சிரமம், நீங்க முந்திக்கிட்டு முடிக்காதீக" என்றாள். என்னிடம் போய்ச் சொன்னாள் பார்! கல்யாணமான நாளிலிருந்து அவர் பாதி சொல்வார், மீதி நான்தானே சொல்கிறேன். போன செவ்வாய் வியாபாரி முத்துவீரன் திராட்சை பார்க்க வந்தார். முதல் நாள் நல்ல மழை. அப்பா "மழை... பழம்... நாளைக்கு..." என்று இழுத்தார், நான் உடனே நாளைக்கே வெட்டச் சொல்றாக என்று முடித்துவிட்டேன். அடேயப்பா, அவருக்கு வந்த கோபம்! கட்டிலை ஓங்கித் தட்டினார். முத்துவீரன்தான், "மதினி, செத்த பொறுங்க, அண்ணன் சொல்லட்டும்" என்றார். ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தோம். "வேணாம்" என்றார். ஈரப் பழத்தை வெட்டினால் பெட்டியிலேயே அழுகும் என்று எனக்குத் தெரியாதா? நம் பேச்சில் வெட்டணுமா வேண்டாமா என்பது கடைசியில்தானே வருகிறது, அதற்குள் எனக்கு என்ன அவசரமோ. வெட்கமாகப் போய்விட்டது.

நீயும் என் மகள்தானே, கோபிக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் வாயெடுத்ததும் "சரிப்பா, புரியுதுப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிடுகிறாய். பாசத்தில்தான். நீ வைத்த பிறகும் அவர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று வாரமாக அதே மூன்று வார்த்தை, "யுவராணி... ஏர்போர்ட்டு... நான்..." வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று உன்னோடு சண்டை போட்டுவிட்டு, நீ கிளம்பிய அன்று மதுரைக்கு வராமல் தோட்டத்திலேயே இருந்துகொண்டாரே, அதைப் பற்றித்தான். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறார், என்னைக் கண்டால் நிறுத்திவிடுகிறார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். முதுகு வலியோடு ரொம்ப நேரம் கம்ப்யூட்டர் முன் உட்காராதே. நூறு வருசம் நல்லா இரு ஆத்தா. வருகிற ஞாயிறு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கூப்பிடு. அவர் சொல்ல வருவது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்.

உன் அம்மா,
சந்தனம்மாள்.