சங்கிலி ஏறாத வீடு

என் பிரியமுள்ள அப்பா,

நேற்று உங்கள் கல்லறைக்கு வந்திருந்தேன். மழை பெய்து மண் இளகிக் கிடந்தது. பக்கத்தில் ஆட்கள் நின்றதால் வாய்விட்டுப் பேசக் கூச்சமாக இருந்தது. சொல்லாமல் திரும்பியதை இப்போது எழுதுகிறேன். தம்பி ராஜனைப் பற்றித்தான். வேறு யாரைப் பற்றி நீங்கள் முதலில் கேட்கப்போகிறீர்கள்?

ஊரில் இன்றைக்கும் உங்களைப் "பத்து சென்ட் செல்லையன்" என்றுதான் சொல்கிறார்கள். குடியிருப்பவருக்கே மனை என்று நிலச்சட்டம் வந்தபோது, நிலவுடைமைக்காரரான ஜன்மியின் விளைத் தோட்டத்து ஓரத்தில் நம் குடிசை நின்ற பத்து சென்ட் நமக்கே சொந்தமானது. அன்றைக்கே நீங்கள் வேலி கட்டத் தொடங்கிவிட்டீர்கள். பிறகு எனக்குப் பெருங்கடவிளையில் கல்யாணம் முடிந்தது. தம்பி ராஜன் கொத்தனார் வேலைக்குக் கல்ஃபுக்குப் போனான். முதல் லீவில் வந்து, குடிசையைப் பிரித்துத் தன் கையாலேயே ஓட்டுவீடு கட்டினான். சாந்து காயும் முன்பே, வழியில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினீர்கள். "எனக்க மகன் கெட்டின வீடு ஆக்கும்!"

அந்த லீவு முடியும் முன்புதான் அது நடந்தது. உதியன்குளங்கரையில் பஸ் நிற்பதற்குள் படியிலிருந்து இறங்கப் பார்த்தவன், தலை தரையில் மோத விழுந்தான். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கண் திறக்கவில்லை. திறந்த அன்று அம்மா வார்டு என்றும் பாராமல் முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். பிழைத்துவிட்டான், இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகல்லவா கஷ்டம் தொடங்கியது?

வலது கை எழும்பவில்லை. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் வேறு ஏதோ சொல் வந்தது. அது தவறு என்று அவனுக்கே தெரியும். உடனே முகம் சிவக்கும், கையில் இருப்பது பறக்கும். சின்ன வயதில் கோழியைக்கூட விரட்டாத பிள்ளை அப்பா அவன்.

போதாததற்குப் பார்க்க வருகிற கூட்டம். ஒவ்வொருவரும் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "எலே ராஜா, நான் ஆருன்னு தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரியும். பெயர்தான் வராது. அவன் திணறுவதைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். நாலைந்து பேர் போன பிறகு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

சத்தமும் கூட்டமும் ஆகாது, அந்தக் கோபம் அடிபட்ட இடத்திலிருந்து வருவது, பிள்ளையின் குணம் அல்ல என்று டாக்டர் சொன்னதை எல்லோரும்தான் கேட்டோம். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தது நீங்கள் ஒருவர்தான். ஒருநாள் வாசலில் போய் நின்றீர்கள். "அவனிட்ட பரீட்சை வைக்க வாறவங்க இப்படியே போங்கோ. இல்லேங்கி உங்க பேர நீங்களே சொல்லிட்டுக் கேறி வாங்கோ" என்றீர்கள். எத்தனை பேருக்கு முகம் கறுத்தது! ஆனால் அதற்கப்புறம் வந்தவர்களைப் பார்த்து ராஜன் சிரிக்கத் தொடங்கினான்.

சர்ச் பண்டிகைக்கு நம் வீட்டைப் பார்த்து ஒலிபெருக்கி கட்டியபோதும் நீங்கள்தான் போனீர்கள். சண்டை வரும் என்று பயந்து நானும் பின்னாலேயே வந்தேன். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "மக்களே, எனக்க பயலுக்குத் தலைக்குள்ள குத்துது. கொஞ்சம் அங்கோட்டுத் திருப்பி வையுங்கோ" என்றீர்கள். பையன்கள் மறுபேச்சில்லாமல் மரத்தில் ஏறினார்கள்.

அம்மாவைக் கவனித்ததும் நீங்கள்தான். அவள் அவன் பக்கத்தைவிட்டு எழும்பாமல் கருவாடாக உலர்ந்துகொண்டிருந்தாள். "நீயும் விழுந்தா நான் ஆரப் பாப்பேன்?" என்று சொல்லி அவளை என் வீட்டுக்கு அனுப்பி வைத்தீர்கள். என்னோடு வந்து குளித்து, சாப்பிட்டு, அவள் வாய்விட்டு அழுது தீர்த்தாள். அடுப்பங்கரைப் பக்கமே போகாத நீங்கள் அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து மகனுக்கு ஊட்டினீர்களாம். உப்பே இல்லையாம். அவன் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான்.

பிறகு அந்த நாள் வந்தது. ராஜன் வீசிய செம்பு அம்மாவின் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது. செய்தி கேட்டு அம்மாவின் அண்ணன் ஆட்களோடு வந்தார். கூட வந்தவன் கையில் சங்கிலி. "மச்சான், இது பிராந்தாக்கும், முழுப் பைத்தியம். பேயாக்கூட இருக்கும். கெட்டி இட்டாத்தான் அடங்குவான். இல்லேங்கி ஒருநாள் இவளக் கொன்னுப் போடுவான்" என்றார் மாமா. அவரையும் குறை சொல்ல முடியாது. தங்கையின் ரத்தத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார்.

நீங்கள் கதவுக்குக் குறுக்கே நின்றீர்கள். அதுவரை எங்களிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னீர்கள். "எளவயசுல ஒரு வாழக்குலைக்காக ஜன்மிக்க காரியஸ்தன் என்னைத் தென்னையில கெட்டி வச்சான். வெயில் தாழுவது வரை நின்னேன். அந்தத் தென்னை நின்ன மண்ணு இண்ணைக்கு எனக்கதாக்கும். எனக்க மண்ணுல எனக்க பிள்ளைய எவனும் கெட்ட மாட்டான்."

அம்மா நெற்றியில் துணியை அழுத்தியபடி எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்றாள். "அண்ணா, அதக் கொண்டு போங்கோ" என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். அறைக்குள் ராஜன் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது, அப்பா.

மறுநாள் காலையில் கிணற்றடியில் கொஞ்சம் கல்லைக் கொட்டி, கொத்துக்கரண்டியை அவன் இடது கையில் கொடுத்தீர்கள். "பைய செஞ்சா போதும் மக்கா. கிணறு எங்கயும் ஓடாது." கிணற்றுச் சுவர் எழும்ப ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. கட்டினான், பிரித்தான், கோபத்தில் கல்லை எறிந்தான், நீங்கள் பொறுக்கி வந்து மறுபடியும் வைத்தீர்கள். முடிந்தபோது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கும் ஊரையே கூப்பிட்டீர்களே!

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவன் திரும்பக் கல்ஃபுக்குப் போகவில்லை. இன்றைக்கும் உச்சிவெயிலில் தலை கனத்துப் படுத்துவிடுவான். சில நாள் சொற்கள் ஒளிந்துகொள்ளும். ஆனால் கோபம் வருவது முன்கூட்டியே தெரிந்து, தானே எழுந்து வாழைத்தோப்புக்குள் போய்விடுகிறான். சின்னச் சின்னக் கொத்துவேலைக்கு ஆட்கள் அவனைத் தேடி வருகிறார்கள்.

இனித்தான் அப்பா முக்கியமான செய்தி. நீங்கள் போன பிறகு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருக்கிறாள். நான் காரோடு போனேன், பெருங்கடவிளைக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. துணிமணியை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ராஜன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். இடது கையால், சிந்தாமல். அவனுக்கு ஏதோ சொல்ல வேண்டும், சொல் கிடைக்கவில்லை. உதடு அசைந்தது. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். அம்மா கண்ணால் என்னைத் தடுத்தாள். காத்திருந்தோம்.

"அக்கா," என்றான். "அம்மை இஞ்சயே இருக்கட்டு. நான் உண்டு."

எடுத்து வைத்த துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு, வந்த காரிலேயே தனியாகத் திரும்பினேன். வழியெல்லாம் அழுகை. துக்கத்தில் இல்லை அப்பா, நெஞ்சு கொள்ளாமல்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வீட்டுக் காரியம் எதையும் அவனைக் கேட்காமல் முடிவு செய்ய யாரையும் விடமாட்டேன். என்னையும் சேர்த்துத்தான். அவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருப்பேன்.

செல்லையனுக்கு மகளாகவும் ராஜனுக்கு அக்காவாகவும் பிறந்தவள்,
உங்கள் லீலா